பெண்கள் அணியை எந்த ஆண்கள் அணியோடு ஒப்பிடுவது?

வாசகர் கேள்வி — 4 மார்ச் 2025

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் சாம்பியன் அணியை ஒரு நல்ல பள்ளிப் பையன்கள் அணி தோற்கடித்துவிடும் என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். அது உண்மையென்றால் பெண்கள் கூடைப்பந்தை உயர்மட்ட ஆட்டம் என்று எப்படிச் சொல்வது? பதினெட்டு வயதுப் பையன்களிடம் தோற்கிற ஆட்டத்தை எந்த அளவுகோலால் அளப்பது? சுற்றி வளைக்காமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

4 மார்ச் 2025, இரவு

சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். பையன்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் பல வருடங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வி கேட்காத சீசனே கிடையாது.

எந்தப் பள்ளி அணி என்பதைப் பொறுத்தது. இரண்டு மீட்டர் உயரப் பையன்கள் நாலு பேர் இருந்து, அத்தனை பேரையும் பெரிய கல்லூரிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்ட அணி என்றால், அந்த அணிதான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். கூடைக்கு அடியில் நடப்பதே முடிவு செய்துவிடும். சராசரிப் பள்ளி அணி என்றால் முதல் கால்பகுதியிலேயே ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். பையன்கள் கையை விட்டுத்தான். பள்ளி அணிகளுக்குள்ளேயே அவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் பொத்தாம் பொதுவாகப் "பள்ளிப் பையன்கள்" என்று பேசுவதால்தான் இந்த விவாதம் வருடக்கணக்கில் இழுக்கிறது.

ஊகமாகப் பேச வேண்டியதும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பல பெண்கள் அணிகள் பயிற்சியில் ஆண் மாணவர்களைத்தான் எதிரணியாக நிறுத்துகின்றன. பள்ளியில் நன்றாக ஆடி, கல்லூரி ஆண்கள் அணியில் இடம் கிடைக்காத பையன்கள் இவர்கள். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் ஆட்டமுறையைக் கற்றுக்கொண்டு வந்து, அதை இந்தப் பெண்களுக்கு எதிராக ஆடிக்காட்டுவது அவர்கள் வேலை. வேகமும் தாவலும் அவர்களுக்குக் கூடுதல். கோச்சுகள் கேட்பதும் அதைத்தான். பயிற்சியில் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டால் மேட்ச் நாளன்று எதிரணி மெதுவாக ஓடுவதுபோல் தெரியும். இந்த ஏற்பாடு இத்தனை வருடம் நீடிக்கிறது என்றால், இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக மோதுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒரு பக்கம் தினமும் நசுங்கினால் பயிற்சியால் யாருக்கும் பயன் இல்லை.

5 மார்ச் 2025

நேற்று எழுதியதில் "கூடைக்கு அடியில்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அதை விரித்துச் சொல்ல வேண்டும்.

100 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 வினாடி, பெண்களுக்கு 10.49. ஏறக்குறைய 9 சதவீத இடைவெளி. உயரம் தாண்டுதலில் 2.45 மீட்டர், 2.10 மீட்டர். இடைவெளி 14 சதவீதம். நீளம் தாண்டுதலில் 8.95, 7.52. அது 16 சதவீதம். ஓட்டத்தைவிடத் தாவலில் இடைவெளி அதிகம். மேலுடம்பு பலத்தில் அதைவிடவும் அதிகம்.

கூடைப்பந்து இந்த மூன்றையும் கேட்கிறது. அதற்கு மேல் உயரம் வேறு. ஆண்கள் லீக்கான என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் சராசரி உயரம் 2 மீட்டரை ஒட்டி இருக்கிறது, டபிள்யூ.என்.பி.ஏ.வில் சுமார் 1.83. வளையம் மட்டும் இருவருக்கும் தரையிலிருந்து 3.05 மீட்டர். நின்றபடி கையை நீட்டினால் 2 மீட்டர் மனிதனுக்கு 2.65 வரை எட்டும் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தைத் தொட அவன் 40 செ.மீ. தாவினால் போதும். 1.83 உயரப் பெண்ணுக்குக் கை 2.40 வரை போகும். அவர் 65 செ.மீ. தாவ வேண்டும். பந்தை மேலிருந்து திணிக்க, அதாவது டங்க் செய்ய, இன்னும் 15 செ.மீ. அந்த உயரம் தாவுகிற பெண்கள் உலகத்திலேயே மிகக் குறைவு.

ஜார்ஜியன் வெல்ஸ் 1984 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காகக் கல்லூரி மேட்சில் டங்க் செய்த முதல் பெண். டபிள்யூ.என்.பி.ஏ.வின் முதல் டங்க் 2002 ஜூலையில், லிசா லெஸ்லி. லீக் தொடங்கி ஐந்து வருடம் கழித்து! அதிகம் டங்க் செய்த பிரிட்னி கிரைனர் வந்த பிறகும் அது அபூர்வம்தான்.

5 மார்ச் 2025, மாலை

"மக்ஸி போக்ஸ் 1.60 மீட்டர்தானே, என்.பி.ஏ.வில் ஆடவில்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். ஆடினார், 14 சீசன். ஆனால் உயரத்தில் இழந்ததை வேகத்தில் எடுத்தார். அந்த வேகமும் அந்தத் தாவலும் ஆண்களிலேயே லட்சத்தில் ஒருவருக்குத்தான் அமையும். தரையோடு ஒட்டி வந்து பந்தைத் தட்டிவிடுவதில் அவருக்கு நிகர் கிடையாது. உயரம் இல்லாமலும் ஆட முடியும் என்பதற்கு அவர் உதாரணம். உயரமும் வேகமும் இரண்டும் இல்லாமல் ஆட முடியும் என்பதற்கு இல்லை.

7 மார்ச் 2025

இரண்டு நாளாக யோசித்ததில், எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குப் போகும்போது, ஆடுகிற இடமே மாறிவிடுகிறது.

டபிள்யூ.என்.பி.ஏ.வின் எய்ஜா வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 26.9 புள்ளிகள். ஒரே சீசனில் 1,000 புள்ளிகளைத் தாண்டிய முதல் பெண். சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு ஒரு முதலிட ஓட்டுக்கூட வேறு யாருக்கும் போகவில்லை. உயரம் 1.93. அந்த லீக்கில் அந்த உயரத்துக்குக் கூடையை ஒட்டி ஆடலாம்: முதுகைக் காட்டி நிற்பது, தோளைத் திருப்பி எறிவது, தவறி வரும் பந்தைப் பிடிப்பது (ரீபவுண்ட்), எதிரணி ஷாட்டைத் தடுப்பது. இப்போது அவரை ஆண்கள் அணிக்குள் நிறுத்துவதாகக் கற்பனை செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அதே வேலையை 2.10 மீட்டர் ஆளுக்கு எதிராகச் செய்யச் சொல்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்தில் 1.93 என்பது கார்டின், அதாவது பந்தைக் கொண்டுவந்து வெளியிலிருந்து ஆடுகிறவரின் உயரம். என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீபன் கரி 1.88. அந்த உயரத்தில் ஒருவர் சின்ன வயதிலிருந்தே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு, வெளியிலிருந்து எறிந்து, ஸ்க்ரீனை (தடுப்பவரை மறிக்க நிற்கும் சக ஆட்டக்காரரை) சுற்றி ஓடி வளர்ந்திருப்பார். வில்சன் வளர்ந்தது வேறு வேலைக்கு. அவர் செய்யாத வேலையைக் கொடுத்துவிட்டு "பாருங்கள், முடியவில்லை" என்று தீர்ப்புச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆண்களுக்குள்ளும் இதே கதைதான். நான் பயிற்சி கொடுத்த ஒரு பையன் பள்ளியில் சென்டர். 1.95 இருப்பான். அவன் கூடைக்கு அடியில் நின்றால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். அடுத்த மட்டத்துக்குப் போனதும் அங்கே சென்டர்கள் எல்லாரும் அவனைவிட ஒரு கை உயரம். கோச் அவனை வெளியே தள்ளினார். வெளியே நின்று எறியத் தெரியாது. இடது கையால் தட்டத் தெரியாது. பந்து கையில் வந்தால் முகத்தில் பயம் தெரியும். இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தான். பந்து கையாளுவதை ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டு, கடைசியில் ஃபார்வர்டாக இடம் பிடித்தான். அவன் பள்ளியில் ஆடியது மட்டமான கூடைப்பந்து என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டோம். கல்லூரியில் சென்டராகக் கலக்கியவர்கள் என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் வெளிநாட்டு லீக்குகளுக்குப் போவதும் இதனால்தான்.

இந்தப் புரிதலைப் பெண் ஆட்டக்காரர்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

9 மார்ச் 2025

அப்படியானால் எதைத்தான் நேருக்கு நேர் ஒப்பிடலாம்? ஃப்ரீ த்ரோவை, அதாவது ஃபவுலுக்காகக் கோட்டில் நின்று எறியும் ஷாட்டை. தடுக்க ஆள் கிடையாது, தாவ வேண்டியதில்லை. கோட்டிலிருந்து பலகைக்கு 4.6 மீட்டர், இருவருக்கும் ஒன்றுதான்.

டபிள்யூ.என்.பி.ஏ. வரலாற்றில் எலினா டெல் டான் வாழ்நாள் கணக்கில் 93.7 சதவீதம். என்.பி.ஏ.வில் முதலிடத்தில் இருக்கும் கரி 91ஐ ஒட்டி. லீக் முழுவதற்கும் சராசரி எடுத்தால் இரண்டுமே 80க்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. டெல் டான் 2019 சீசனில் மொத்த ஷாட்டில் 51.5, மூன்று புள்ளியில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) 43.0, ஃப்ரீ த்ரோவில் 97.4. ஐம்பது, நாற்பது, தொண்ணூறு மூன்றையும் ஒரே சீசனில் தாண்டிய முதல் டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டக்காரர் அவர்.

பந்து வித்தியாசம் இருக்கிறதே என்று உடனே கேட்பீர்கள். இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். ஆண்கள் பந்து 7ஆம் எண், சுற்றளவு சுமார் 75 செ.மீ. பெண்கள் பந்து 6ஆம் எண், சுமார் 72.4. எடையும் குறைவு. விட்டத்தில் பார்த்தால் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ. ஆகச் சிறிய பந்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் பெண்களின் கையும் சிறியது. பந்து கைக்கு அடங்கவில்லை என்றால் விரல் நுனியில் கட்டுப்பாடு போய்விடும். இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு ஈடுகட்டுகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

2024 பிப்ரவரியில் கரியும் டபிள்யூ.என்.பி.ஏ.வின் சப்ரீனா அயனெஸ்குவும் மூன்று புள்ளிப் போட்டியில் மோதியது நினைவிருக்கும். அயனெஸ்கு என்.பி.ஏ. கோட்டிலிருந்து எறிந்தார், தன் லீக் பந்தால். கரி 29, அயனெஸ்கு 26. தோற்றுவிட்டார் என்று அன்றைக்குக் கேலி செய்தவர்கள் அதே இரவு நடந்த ஆண்கள் போட்டியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. டேமியன் லில்லார்ட் இறுதிச் சுற்றில் 26 எடுத்துத்தான் பட்டம் வாங்கினார். முந்தைய வருடம் பெண்கள் போட்டியில், அவர்கள் கோட்டிலிருந்து, அயனெஸ்கு 40க்கு 37 எடுத்திருந்தார். இரண்டு லீக்குகளின் அந்தப் போட்டி வரலாற்றிலும் ஒரு சுற்றில் அவ்வளவு யாரும் எடுத்ததில்லை.

10 மார்ச் 2025

பந்து பற்றி விட்டுப்போனது ஒன்று. மூவர் ஆட்டத்தில், அதாவது 3x3இல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பந்துதான். 6ஆம் எண் அளவு, 7ஆம் எண் எடை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான ஆட்டம். கையில் பிடித்துப் பார்த்தால் முதலில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சின்னதாகத் தெரிகிறதே என்று எடுத்தால் கனக்கும். நம் அணிகளுக்கு இரண்டு பக்கமும் அதைக் கொடுத்துப் பயிற்சி வைத்திருக்கிறேன். சில நாளில் இருவரும் பழகிவிட்டார்கள், ஷாட் சதவீதமும் பெரிதாக இறங்கவில்லை. ஐவர் ஆட்டத்துக்கும் இதைக் கொண்டுவரலாமே என்று தோன்றியது. ஆனால் பெண்கள் பக்கம் தூரத்திலிருந்து எறியும்போது கடைசிக் கால்பகுதியில் தோள் சோர்ந்துபோவதையும் பார்த்தேன். பத்து நிமிட மூவர் ஆட்டத்துக்குச் சரி, நாற்பது நிமிடத்துக்கு யோசிக்கணும்.

13 மார்ச் 2025

எண்களை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வார இறுதிகளில் ஆண்களும் பெண்களும் கலந்து ஆடுவோம். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு பாயின்ட் கார்டாக இருந்த ஒரு பெண் வருவார். 1.68 இருப்பார். முதல் தடவை அவரை கார்டு செய்ய வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன், அவரைவிட ஒரு தலை உயரம், நன்றாகத் தாவுவான்.

அவர் வலப்பக்கம் ஸ்க்ரீனை உரசிக்கொண்டு உள்ளே வந்தார். பையன் ஒரு அடி பின்தங்கினான். நேர் ஓட்டத்தில் அவன் பிடித்துவிடுவான், அது அவருக்கும் தெரியும். அதனால் வேகமாக ஓடவில்லை. சட்டென்று அரை அடி குறைத்து, அவன் வருகிற பாதையில் தன் முதுகை வைத்தார். இப்போது அவன் அவரைச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் இடித்து ஃபவுல் வாங்க வேண்டும். அப்படியே இரண்டு தட்டு. பிறகு எல்லோரும் எதிர்பார்க்கிற இடது காலில் எழும்பாமல், வலது காலிலேயே எழும்பி வலது கையால் பந்தைப் பலகையின் மேல் மூலையை நோக்கி விட்டுவிட்டார். பையன் தாவ ஆரம்பித்தபோது பந்து ஏற்கெனவே போய்விட்டது. ஒரு காலடி முன்னாலேயே விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த முறை அதே இடத்தில் பந்தை உயர்த்துவதுபோல் காட்டினார். அவன் பறந்துபோய் வெளியே விழுந்தான். அதற்கடுத்த முறை உதவிக்கு இன்னொருவன் வந்தான். பார்க்காமலே மூலையில் நின்றவனுக்கு பாஸ். மூன்றையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி ஆரம்பித்து!

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஃபென்ஸில் அந்தப் பையன் பந்தை வாங்கி, முதுகைக் காட்டி, இரண்டு இடி இடித்து உள்ளே போய்த் திரும்பி எறிந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலை நன்றாக ஊன்றித்தான் நின்றார். ஆனால் எடை எடைதான். அவர் அணி என்ன செய்தது? பந்து அவன் கைக்குப் போகும் முன்பே முன்னால் நின்று தடுத்தார்கள், பின்னாலிருந்து ஒருவர் உதவினார். பாதி நேரம் அது பலித்தது.

நான் இரண்டு பக்கமும் பயிற்சி கொடுத்ததில் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். தாவி எட்டிவிடலாம் என்கிற வசதி இருக்கும்வரை பையன்கள் காலடியைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். தப்பான இடத்தில் நின்றிருந்தாலும் தாவிச் சமாளித்துவிடுவார்கள். பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, முதலிலேயே சரியான இடத்துக்குப் போயாக வேண்டும். ஆண்கள் ஆட்டத்திலும் உச்சத்துக்குப் போனால் எல்லோருமே தாவுவார்கள், அங்கே மறுபடியும் காலடிதான் கேட்கும். அதனால் என் பையன்களை உட்காரவைத்து டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்க்கச் சொல்வேன். ஸ்க்ரீன் வைக்கும் கோணம், பந்து இல்லாதவர்கள் நகரும் நேரம், எல்லாம் அங்கே தெளிவாகத் தெரியும்.

14 மார்ச் 2025

சின்ன வயதில் எப்படி என்று கேட்டிருக்கிறார் ஒருவர். பத்து வயது வரை பெரிய வித்தியாசம் கிடையாது. பதினொன்று, பன்னிரண்டில் பெண்கள் முந்துவார்கள், வளர்ச்சி அவர்களுக்கு முன்னால் வருகிறது. கலப்பு அணியில் சென்டராக நிற்பது பெரும்பாலும் ஒரு பெண்தான். பதின்மூன்று, பதினான்கில் பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது எல்லாம் மாறிவிடுகிறது. தசை, எலும்பு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், எல்லாமே கூடுகிறது. வளர்ந்த ஆணின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்ணைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

அந்த ஒரு வருடத்தில்தான் நிறையப் பெண்களை இழக்கிறோம். போன வருடம்வரை அணியிலேயே சிறந்தவளாக இருந்தவளுக்கு இந்த வருடம் யாரும் பாஸ் கொடுப்பதில்லை. திறமை குறையவில்லை, ஆட்டமும் மறக்கவில்லை. அருகில் இருந்தவர்கள் உயர்ந்துவிட்டார்கள். அவளுக்கு அது புரியாது, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பாள். இதை முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். நான் எல்லாப் பெண்களிடமும் சொல்லுவேன், அவர்கள் பெற்றோரிடமும்.

17 மார்ச் 2025

வளையத்தைப் பெண்களுக்குத் தாழ்த்தலாமே என்கிற யோசனை. இது எனக்குள்ளேயே ரொம்ப நாளாக ஓடுகிறது.

வாலிபாலில் ஆண்கள் வலை 2.43, பெண்கள் வலை 2.24. தடை ஓட்டத்தில் 1.067 மீட்டர், 0.838 மீட்டர். குண்டு எறிதலில் 7.26 கிலோ, 4 கிலோ. இதையெல்லாம் யாரும் கேவலமாக நினைப்பதில்லை. பெண்கள் வாலிபாலில் ஸ்பைக் இருக்கிறது, ஆட்டம் முழுமையாக இருக்கிறது. கூடைப்பந்தில் மட்டும் 3.05ஐ ஏன் கோயில் கருவறை மாதிரி பாதுகாக்க வேண்டும்? கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக் கோச் ஜீனோ ஆரியெம்மா 2012இல் ஏழு அங்குலம் தாழ்த்தச் சொன்னார். டெல் டானும் பிறகு தாழ்த்தலாம் என்றார். டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டக்காரர் டயானா டொராசி கடுமையாக மறுத்தார்.

எனக்கு ஆரியெம்மா வாதம் பிடித்திருந்தது. கூடைக்கு அடியில் தவறவிடும் ஷாட்டுகள் குறையும். ஆனால் நடைமுறையில் யோசித்தால் ஒரு சிக்கல். உலகத்தில் பெரும்பாலான பெண்கள் பொது மைதானத்தில், நிரந்தரமாக ஊன்றிய கம்பத்தில் ஆடுகிறார்கள். அங்கே யாரும் உயரத்தை மாற்றப்போவதில்லை. லீக்கில் ஒரு உயரம், தெருவில் ஒரு உயரம் என்றால், எறியும் வளைவு மாறிவிடும். பயிற்சிக்கு மைதானம் கிடைப்பதே கஷ்டமான பெண்ணுக்கு இன்னும் ஒரு தடை. அதனால் இப்போதைக்கு நான் டொராசி பக்கம். எல்லா இடத்திலும் உயரம் மாற்றக்கூடிய கம்பம் வரும் நாளில் மறுபடி பேசலாம்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே மட்டும் சந்தேகமே இல்லை. மினி கூடைப்பந்தில் வளையம் 2.60, பந்து 5ஆம் எண். அதைப் பின்பற்றாமல் குழந்தைகளைப் பெரிய வளையத்தில் எறியவிட்டால் தோளிலிருந்து தள்ளுகிற பழக்கம் வந்துவிடும். பிறகு அதைத் திருத்த வருடக்கணக்காகும்.

18 மார்ச் 2025

கெய்ட்லின் கிளார்க் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அமெரிக்கக் கல்லூரி முதல் பிரிவில் 3,951 புள்ளிகள், 1970 வரை கல்லூரியில் ஆடிய பீட் மராவிச்சின் 3,667ஐத் தாண்டினார். ஆண்-பெண் இருவரையும் சேர்த்து அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. எண் சரி. ஆனால் மராவிச் 83 ஆட்டங்களில் எடுத்தார், கிளார்க் 139. முதல் வருட மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அப்போதைய விதி. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. இதைச் சொன்னால் கிளார்க்கைக் குறைப்பதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். குறைக்கவில்லை. எனக்கு அவர் பெருமை அந்த மொத்தத்தில் இல்லை. எதிரணி அவர் ஒருவருக்காகவே டிஃபென்ஸை முழுக்க மாற்றி அமைக்கும், அப்போதும் கோட்டுக்கு வெகுதூரத்திலிருந்து எறிவார், தடுக்க இரண்டு பேர் வந்தால் அந்த இடைவெளியில் பாஸ் போகும்.

இன்னொன்று. லினெட் வுட்டர்ட் என்று ஒருவர் இருந்தார், 1981 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில், 3,649 புள்ளிகள். அப்போது பெண்களுக்கும் ஆண்கள் பந்துதான், மூன்று புள்ளியும் இல்லை. பெண்கள் ஆட்டத்தை அப்போது வேறு அமைப்பு நடத்தியதால் அந்த எண் பட்டியலில் சேராமல் வெளியே நின்றது. கிளார்க்குக்கு முன்னால் இவரைத்தான் எல்லோரும் தேடிப் படித்திருக்க வேண்டும்.

22 மார்ச் 2025

பெண்கள் ஆண்கள் அணியில் நேரடியாக முயன்றதே இல்லையா என்ற கேள்விக்கு: முயன்றிருக்கிறார்கள். லூசியா ஹாரிஸை 1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற என்.பி.ஏ. அணி டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுத்தது, அவர் போகவில்லை. 1976 ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக வந்தபோது முதல் கூடை போட்டவர் அவர்தான். ஆன் மையர்ஸ் 1979இல் இண்டியானா பேசர்ஸோடு 50,000 டாலர் ஒப்பந்தம் போட்டுத் தேர்வு முகாமில் கலந்துகொண்டார். இறுதி அணியில் இடம் கிடைக்கவில்லை. நான்சி லீபர்மேன் 1986இல் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஃபேம் என்ற ஆண்கள் தொழில்முறை அணிக்கு ஆடினார்.

இந்த மூவரும் வளர்ந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் 1936இல் இடம் வந்தது, பெண்களுக்கு நாற்பது வருடம் கழித்து. 1893இல் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்காக விதிகளை மாற்றினார்: மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது, பந்தைப் பிடுங்கக் கூடாது, மூன்று தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. அவர் காலத்தில் பெண்கள் ஓடி விளையாடுவதே பெரிய விஷயம், அதனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த எண்ணத்தின் மிச்சம் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது. ஆறு பேர் ஆட்டம், மூன்று பேர் எறிய மட்டும், மூன்று பேர் தடுக்க மட்டும், பாதிக் கோட்டைத் தாண்ட முடியாது. முழு மைதானமும் ஓடவிடாமல் வளர்த்துவிட்டு உடலின் எல்லை இதுதான் என்று எப்படிச் சொல்வது? உடல் வித்தியாசம் உண்மை. அதில் எவ்வளவு உடல், எவ்வளவு வாய்ப்பு என்பது எல்லா நாட்டிலும் பெண்கள் ஆறு வயதில் பந்தை எடுக்கும் காலம் வந்தால்தான் தெரியும்.

25 மார்ச் 2025

வாய்ப்பு என்றதும் இது. என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 பேர், ஆக 450. டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2024 வரை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், ஆக 144 இடம்தான். 2025இல் 13ஆவது அணி வந்தது. டிராஃப்டில் பெயர் வாசிக்கப்பட்டு, மேடையேறிப் படம் எடுத்து, அடுத்த மாதமே முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிற பெண்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்த லீக்கின் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருப்பவர்கூடத் தன் கல்லூரியில் நட்சத்திரம். முதல் கேள்வி கேட்டவருக்கு நான் கொடுக்கும் அளவுகோல் இதுதான்: தன் போட்டிக்குள் எத்தனை பேரைத் தாண்டி வந்திருக்கிறார் என்று பாருங்கள். குத்துச்சண்டையில் 60 கிலோ சாம்பியனை 90 கிலோக்காரனோடு நிறுத்தி யாரும் மதிப்பிடுவதில்லையே.

29 மார்ச் 2025

ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: மகளுக்குப் பதினைந்து வயது, பையன்களோடு பயிற்சிக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டு.

எந்தப் பையன்களோடு என்பது முக்கியம். அவளைவிடச் சற்றே கூடுதலாக இருப்பவர்கள் போதும். தொட முடியாத வேகத்தில் ஆடுகிறவர்களோடு போட்டால் பாஸ் கொடுத்துவிட்டு ஒதுங்கப் பழகிவிடுவாள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இது, மீதி நாள் பெண்கள் அணியில், அங்கே அவள் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்த வேண்டும். இரண்டும் வேண்டும்.

பந்து அவளுடைய 6ஆம் எண்ணிலேயே இருக்கட்டும். பையன்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. குறைந்தது ஷூட்டிங் பயிற்சிக்காவது அவள் பந்து அவளிடம் இருக்க வேண்டும்.

முழங்கால். இதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார், ஏ.சி.எல். என்பார்களே, அது கிழிவது இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு ஆண்களைவிட 2 மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, தாவி இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ நடக்கிறது. என் அணியில் ஒரு பெண் ரீபவுண்ட் எடுத்துத் தனியாக இறங்கினாள், பக்கத்தில் ஆளே இல்லை. "டப்" என்று சத்தம் எனக்கு பெஞ்ச் வரை கேட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து மைதானத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

அதற்கப்புறம் எந்தப் பயிற்சியையும் இறங்கும் பயிற்சி இல்லாமல் ஆரம்பிப்பதில்லை. முக்காலி உயரத்திலிருந்து குதித்து இரண்டு காலிலும் சத்தமில்லாமல் இறங்கணும், முழங்கால் மடங்கணும், இரண்டு முழங்காலும் உள்பக்கமாகச் சாயக் கூடாது, பாதத்துக்கு நேர் மேலே நிற்கணும். பிறகு ஒற்றைக் காலில். பிறகு பக்கவாட்டில் தள்ளிவிட்டு இறங்கச் சொல்வேன். தொடையின் பின்தசைக்குத் தனியாகப் பயிற்சி. பதினைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது. பையன்களுக்கும் இதையே கொடுக்கிறேன், அவர்களுக்கும் இது கிழியும். உங்கள் மகளின் கோச் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் கைபேசியில் படம் எடுத்து, முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று அவளிடமே காட்டுங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பெரும்பாலானவர்கள் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள்.